தின்ற தீனி எங்கே போகிறது? குளத்து மீனுக்கும் அண்டை அயல் உண்டு

ஒரே நாளில், ஒரே பண்ணையில், ஒரே அளவாகப் பார்த்து வாங்கி விட்ட குஞ்சுகள்தான். ஏழெட்டு மாதம் கழித்து வலை இழுத்தால் சில மீன்கள் முக்கால் கிலோ நிற்கின்றன. சில மீன்கள் உள்ளங்கை நீளத்தைத் தாண்டவில்லை. கரையில் தராசுடன் நிற்கும் வியாபாரி பெரியதை ஒரு விலைக்கும் சிறியதைப் பாதி விலைக்கும் கேட்கிறார். குஞ்சு விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று சிலர் சொல்வார்கள். பிண்ணாக்கில் கலப்படம் என்று சிலர் நினைப்பார்கள். இரண்டுக்கும் இடமிருக்கலாம். ஆனால் மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு. அதைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த மீன் இத்தனை மாதமும் யாரோடு வாழ்ந்தது என்பதுதான் அது.

கோழி வளர்ப்போருக்கு இது புதிய செய்தியல்ல. ஒரு கூண்டில் பத்துக் கோழி இருந்தால் கொத்துகிற கோழி ஒன்று, கொத்து வாங்குகிற கோழி ஒன்று என்று வரிசை அமைந்துவிடும். தொழுவத்திலும் கொம்பு முட்டும் மாடு தீவனத்தொட்டியை மறித்துக்கொள்ளும். குளத்தில் நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் வித்தியாசம். தெரியாத காரணத்தால் நஷ்டம் மட்டும் குறைவதில்லை.

மீனின் வரவும் செலவும்

மீன் குளிர் ரத்தப் பிராணி. ஆடு, மாடு, கோழி ஆகியவை தின்ற தீனியில் ஒரு பெரும் பங்கை உடற்சூட்டைக் காக்கவே செலவிடுகின்றன. மீனுக்கு அந்தச் செலவு இல்லை. நீரே தாங்கிக்கொள்வதால் உடலைச் சுமந்து நிற்கும் செலவும் மிகக் குறைவு. தீனியைச் சதையாக்குவதில் மீன் கெட்டிக்காரனாக இருப்பதற்கு இவையே காரணம்.

மற்றச் செலவுகள் மீனுக்கும் உண்டு. தின்றதில் ஒரு பகுதி கழிவாகப் போகிறது. செரிமானத்துக்கு ஒரு பகுதி. செவுளை அசைக்க, இதயம் துடிக்க, உடலில் உப்பின் அளவைக் காக்க ஒரு பகுதி. நீந்துவதற்கு ஒரு பகுதி. இவ்வளவும் போக மிச்சம் இருப்பதுதான் சதை. உடலுக்குள் நடக்கும் இந்த வரவு செலவையே வளர்சிதை மாற்றம் என்கிறார்கள்.

இந்தச் செலவை அளக்க ஒரு சுலபமான வழி உண்டு. மூடிய கண்ணாடிக் கலத்தில் மீனை விட்டு, தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் மணிக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் போதும். அடுப்பு எரிகிற வேகத்தை விறகு குறைவதை வைத்துக் கணக்கிடுவது போலத்தான். அதிக ஆக்சிஜன் குறைந்தால் அதிகச் செலவு. சும்மா நிற்கும் மீனிலேயே அந்தச் செலவு கூடினால், விவசாயி போட்ட தவிடும் பிண்ணாக்கும் அந்த அளவுக்கு எரிந்து போகின்றன என்று பொருள்.

தனியே விட்டால்

கூட்டமாக வாழும் மீனைத் தனியே பிரித்தால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டில் வாழும் ஒரு சிறிய பச்சை மீனில் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2016-ம் ஆண்டில் வெளியாயிற்று. தோழர்களைப் பார்க்கவும் அவற்றின் வாடையை உணரவும் முடிந்த மீன், தன்னந்தனியாக இருந்த மீனைவிட ஓய்வு நேரத்தில் 26 சதவீதம் குறைவாகவே ஆக்சிஜன் செலவிட்டது. ஒரு வாரம் தனியாக வைக்கப்பட்ட மீன்கள் உடல் தளர்ந்தும் போயின.

தனி மீன் எந்நேரமும் எதிரி வருகிறதா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். கூட்டத்தில் இருந்தால் அந்தக் காவல் வேலையைப் பல கண்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. காட்டு வழியில் ஒற்றையாக நடப்பவரின் நெஞ்சுத் துடிப்பும் நாலு பேரோடு நடப்பவரின் நெஞ்சுத் துடிப்பும் ஒன்றாகவா இருக்கும்?

அது கடல் மீன். நம் குளத்துக் கட்லாவிலும் ரோகுவிலும் இதே கணக்கு வரும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கெண்டைக் குஞ்சுகளும் கூட்டம் சேர்ந்து திரிபவைதான். பெரிய குளத்தில் பத்து இருபது குஞ்சை மட்டும் விட்டால் தாராளமாக வளரும் என்று நினைத்து, மிகக் குறைவாக விடுவதில் லாபம் ஒன்றும் இல்லை. இடமும் வீண், இயற்கைத் தீனியும் வீண்.

குளத்துக்குள் ஒரு பண்ணையார்

எல்லா மீனும் கூட்டத்தில் அமைதி அடைவதில்லை. இடத்துக்குச் சண்டை போடும் இனங்களும் உண்டு. இங்கிலாந்தில் மார்கரெட் பிரவுன் என்ற விலங்கியலாளர் டிரவுட் மீன் குஞ்சுகளை வளர்த்து 1946-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்றும் பேசப்படுகிறது. ஒரே தொட்டியில் விட்ட குஞ்சுகளுக்குள் அளவுப்படி ஒரு வரிசை அமைந்தது. ஒரு குஞ்சு எவ்வளவு வேகமாக வளரும் என்பது அந்த வரிசையில் அது நிற்கும் இடத்தைப் பொறுத்திருந்தது.

அப்படியானால் பெரியது தீனியைத் தட்டிப் பறிப்பதால்தான் சிறியது நலிகிறதா? அது ஒரு பாதிதான். அதே இன டிரவுட் மீன்களை வைத்து ஸ்காட்லாந்தில் செய்து 2000-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி மறு பாதியைக் காட்டியது. அடங்கிப்போன மீன் ஓய்வாக இருக்கும்போதுகூட அதன் ஆக்சிஜன் செலவு உயர்ந்தே இருந்தது. தொடர்ந்து மிரட்டப்படும் மீனின் ரத்தத்தில் கார்டிசால் என்னும் சுரப்பு நீர் ஏறிவிடுகிறது. அது உடலில் சேமிப்பாக இருக்கும் சத்தைக் கரைத்துச் செலவுக்குக் கொண்டுவரும். ஆபத்து நேரத்தில் தப்பியோட அது உதவும். நாள் கணக்கில், வாரக் கணக்கில் அதே நிலை நீடித்தால் சேமிப்பு கரைந்து, பசி மங்கி, நோயை எதிர்க்கும் சக்தியும் குறைகிறது. அப்படிப்பட்ட மீன் அருகில் தீனி விழுந்தாலும் எடுப்பதில்லை. வரவு குறைந்து செலவு கூடினால் எந்தக் குடும்பம்தான் முன்னுக்கு வரும்?

ஆகவே நலிந்த மீனுக்காகத் தீனியின் அளவைக் கூட்டுவதில் பயனில்லை. கூடுதல் தீனியும் பெரிய மீனின் வயிற்றுக்குத்தான் போகும். அல்லது அடியில் தங்கி அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

ஜிலேபி கெண்டையின் கதை

நம் ஊரில் இந்தச் சண்டைக்குப் பெயர் போனது ஜிலேபி கெண்டை எனப்படும் திலேப்பியா. மொசாம்பிக் திலேப்பியா 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வந்த இடம் நம் மண்டபம்தான். இன்று தமிழ்நாட்டில் அது இல்லாத ஏரி, குளம் அரிது. எங்கும் பெருகியிருக்கிறது, ஆனால் பெரும்பாலான இடங்களில் விரற்கடை அளவிலேயே நின்றுவிட்டது.

ஆண் மீன் குளத்தடியில் பள்ளம் பறித்து, இது என் இடம் என்று காவல் இருக்கும். வேறு ஆண் வந்தால் துரத்தும். ஆதிக்கம் பெற்ற ஆண் உடல் கருத்து, தொண்டை வெளுத்துக் காணப்படும். தன் பெருமையை அது சிறுநீர் மூலமும் அறிவிக்கிறது என்பதைப் போர்த்துகீசிய விஞ்ஞானிகள் கண்டறிந்திருக்கிறார்கள். பெண் மீன் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும். வாய் நிறைய முட்டை இருக்கும்போது அது தீனி எப்படித் தின்னும்? அடைக்காலம் முடிந்து கொஞ்சம் உடல் தேறுவதற்குள் அடுத்த முட்டைக்குத் தயாராகிவிடுகிறது. ஆணுக்குச் சண்டையில் செலவு, பெண்ணுக்கு அடைகாப்பதில் செலவு. இடையே குஞ்சுகள் பெருகிக் குளம் நிரம்பிவிடுகிறது. சதை எங்கிருந்து வரும்?

ஆண் மீன்களை மட்டும் வளர்க்கும் முறையும், 1988 முதல் பிலிப்பைன்சில் தேர்வு முறையில் உருவாக்கப்பட்ட கிஃப்ட் திலேப்பியா இனமும் இந்தச் சிக்கலுக்கு விடையாகவே வந்தன. நம் நாட்டில் திலேப்பியா வளர்க்க விரும்புவோர் மீன்வளத் துறையில் பதிவு செய்து, அரசின் நெறிமுறைப்படிதான் வளர்க்கவேண்டும். கிஃப்ட் குஞ்சு என்று சொல்லி ஏரி ஜிலேபியை விற்பவர்களும் உண்டு. நம்பகமான பண்ணையில் வாங்குவதே நல்லது.

நைல் திலேப்பியாவில் அடங்கிப்போன மீனை அடையாளம் காண ஓர் எளிய குறி உண்டு. அதன் கண் கறுத்துவிடும். ஆதிக்க மீனின் கண் வெளிறியிருக்கும். பிரேசில் நாட்டு விஞ்ஞானிகள் 2003-ல் இதை எழுதியிருக்கிறார்கள். கிஃப்ட் இனமும் நைல் திலேப்பியாதான். தொட்டியிலோ கூண்டு வலையிலோ வளர்ப்பவர்கள் தீனி போடும் நேரத்தில் கவனித்துப் பார்க்கலாம். ஓரத்தில் ஒதுங்கி, உடல் இருண்டு, கண் கறுத்து நிற்கும் மீன்கள் பல தென்பட்டால் தரம் பிரிக்கும் வேளை வந்துவிட்டது.

அதே நாட்டில் நடந்த இன்னொரு சோதனையில், தொட்டித் தண்ணீரைப் பெரிதாக மாற்றியதும் திலேப்பியாக் குஞ்சுகளுக்குள் சண்டை கூடியது. பழைய தண்ணீரில் கரைந்திருந்த ‘யார் பெரியவன்’ என்ற சேதி போய்விடுகிறது. மறுபடியும் மோதித் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. தொட்டியில் வளர்ப்போர் ஒரேயடியாகத் தண்ணீரை இறைத்து மாற்றாமல், சிறிது சிறிதாக மாற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய குளத்துக்கு இந்தக் கவலை வேண்டியதில்லை.

நெருக்கம் எவ்வளவு?

இங்கே ஒரு விநோதம். சண்டைக்கார மீன்களில் சில, இடம் தாராளமாக இருந்தால் அதிகமாகச் சண்டையிடுகின்றன. கொஞ்சம் நெருக்கி வைத்தால் அடங்கிவிடுகின்றன. நார்வே நாட்டில் ஆர்க்டிக் சார் என்னும் குளிர்நீர் மீனில் 1980-களில் இதைக் கண்டார்கள். கலைவாக வைத்தபோது ஒன்றையொன்று துரத்தி வளர்ச்சி குன்றிய மீன்கள், நெருக்கமாக வைத்தபோது ஒரே திசையில் சேர்ந்து நீந்தி நன்றாக வளர்ந்தன. சந்தைக் கூட்டத்தில் யாரும் இது என் இடம் என்று கோடு கிழிக்க முடியாது அல்லவா? ஆப்பிரிக்கக் கெளுத்தியிலும் இதே குணம் உண்டு. ஆனால் அந்தக் கெளுத்தி நம் நாட்டில் 2000-ம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்ட மீன். யார் ஆசை காட்டினாலும் அதை வாங்கி விடக்கூடாது.

இதைப் படித்துவிட்டுக் கட்லா, ரோகு குளத்தில் குஞ்சைக் கொட்டிவிடக்கூடாது. நெருக்கம் உதவுவது தண்ணீர் ஓடிக்கொண்டும் ஆக்சிஜன் குறையாமலும் இருக்கும் தொட்டியில்தான். நம் பெருங்கெண்டை மீன்கள் இடத்துக்குச் சண்டையிடும் சாதியல்ல. அவற்றுக்குள் நடப்பது பந்தியில் முந்துகிற போட்டி. மேல்மட்டத்தில் கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிர்கால் என்று மூன்றையும் சேர்த்து விடும் கூட்டு மீன் வளர்ப்பு இந்தப் போட்டியைக் குறைப்பதற்காகவே ஏற்பட்டது. ஒவ்வொன்றுக்கும் இலை வேறு, பந்தி வேறு.

எக்டேருக்கு 5,000 முதல் 10,000 விரலளவுக் குஞ்சுகள் என்பது வழக்கமான கணக்கு. சென்ட்டுக்கு 20 முதல் 40 என்று வைத்துக்கொள்ளலாம். 20 சென்ட் குட்டைக்கு 400 முதல் 800. மோட்டார் வைத்துத் தண்ணீர் பாய்ச்ச வசதியில்லாதவர்கள் 400-ஐத் தாண்டாமல் இருப்பது உசிதம். கட்லா 4 பங்கு, ரோகு 3, மிர்கால் 3 என்ற விகிதம் பெரும்பாலும் ஒத்துவரும். பேராசையில் 2,000 குஞ்சு விட்டவர் ஆண்டு முடிவில் 2,000 மீன் பிடிக்கலாம். வாங்குவதற்குத்தான் ஆள் இருக்காது.

நெருக்கத்தால் வளர்ச்சி நின்றுபோவதையே ஆந்திர விவசாயிகள் லாபமாக மாற்றியிருக்கிறார்கள். கொல்லேறு ஏரிப் பகுதியில் கெண்டைக் குஞ்சுகளைச் சிறு குளத்தில் மிக நெருக்கமாக விட்டு, அரை வயிற்றுத் தீனி கொடுத்து, ஓராண்டு வரையிலும் வளரவிடாமல் நிறுத்தி வைக்கிறார்கள். 100 கிராமும் அதற்கு மேலும் உள்ள இந்த மீன்களைப் பெரிய குளத்துக்கு மாற்றியதும், பட்டினி கிடந்தவன் விருந்தில் உட்கார்ந்தது போல் தின்று, விட்ட வளர்ச்சியை எட்டிப் பிடித்துவிடுகின்றன. சிறு குஞ்சைவிட இவற்றில் சேதாரமும் குறைவு. மழை பெய்து ஆறேழு மாதம் மட்டுமே தண்ணீர் நிற்கும் ஏரி, குட்டை வைத்திருக்கும் நம் விவசாயிகளுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும். போன ஆண்டுக் குஞ்சைக் கிணற்றடித் தொட்டியிலோ சிறு குட்டையிலோ நிறுத்தி வைத்தால், மழை விழுந்தவுடன் விடுவதற்கு மீன் தயார்.

விரால் வளர்ப்போருக்கு

விராலின் குடும்ப வாழ்க்கையைக் கிராமத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் ஒரே பந்தாக நகரும். தாயும் தகப்பனும் அடியில் காவல் வரும். இந்த ஒற்றுமை குஞ்சுப் பருவத்தோடு சரி. நிறம் மாறித் தனித் தனியே இரை தேடத் தொடங்கியதும் அண்ணன் தம்பியை விழுங்க ஆரம்பித்துவிடும். ஒன்று மற்றொன்றின் வாய்க்கு அடங்கும் அளவு வித்தியாசம் வந்தால் போதும். எனவே குஞ்சுப் பருவத்தில் வாரம் ஒரு முறையாவது அளவு பிரித்து வெவ்வேறு தொட்டியில் விடவேண்டும். வேளை தவறாமல் தீனி கொடுப்பதும் அவசியம். பசிதான் கடிக்கு முதல் காரணம்.

விராலுக்கு இன்னொரு செலவு உண்டு. அது நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். மதுரைப் பல்கலைக்கழகத்தில் விவேகானந்தனும் பாண்டியனும் செய்த ஆராய்ச்சியில், ஆழம் கூடக் கூட மேலே வந்து போகும் நீச்சலுக்கே விரால் குஞ்சு அதிகச் சக்தியைச் செலவிட்டு, வளர்ச்சியில் பின்தங்கியது தெரிந்தது. குஞ்சுத் தொட்டியில் தண்ணீர் ஆழமாக வேண்டியதில்லை. காற்றை விழுங்க வரும் மீன்கள் சேர்ந்தாற்போல் மேலே வருவதும் பலவகை மீன்களில் காணப்பட்ட வழக்கம். பறவைக்குப் பயந்து செய்யும் ஏற்பாடு அது. கொக்கும் மீன்கொத்தியும் ஓயாமல் சுற்றும் தொட்டியில் மீன் மேலே வரவே அஞ்சும். மேலே வலை கட்டினால் பறவை தின்பதும் மிச்சம், அச்சத்தில் கரைவதும் மிச்சம்.

செய்யவேண்டியவை

குஞ்சு விடும்போதே அளவு பார்த்து ஒரே சீராக விடவேண்டும். நாலு அங்குலக் குஞ்சுடன் இரண்டு அங்குலக் குஞ்சைக் கலந்து விடுவது முதல் நாளே பண்ணையாரையும் பண்ணையாளையும் சேர்த்து விடுவதாகும். இடையில் குஞ்சு செத்துவிட்டது என்று பெரிய மீன்களுக்கு நடுவே புதிதாகச் சிறு குஞ்சு விடுவதும் அப்படித்தான். விடவேண்டுமானால் முன்பே சொன்ன நிறுத்தி வளர்த்த மீனை விடலாம்.

தீனியை ஒரே மூலையில் கொட்டும் பழக்கத்தை விடவேண்டும். வலுத்த மீன்கள் அந்த மூலையைப் பிடித்துக்கொள்ளும். ஆந்திரத்தில் செய்வது போலச் சாக்கின் அடியில் துளைகளிட்டு, தவிடும் பிண்ணாக்கும் நிரப்பி, மூங்கிலில் கட்டி நீரில் தொங்கவிடலாம். 20 சென்ட் குட்டைக்கு மூன்று நான்கு இடத்தில் தொங்கவிட்டால் ஒரு மீனால் எல்லாவற்றையும் காவல் காக்க முடியாது. தினமும் ஒரே நேரத்தில் வைப்பதும் முக்கியம். வெயில் ஏறிய பிறகு வைக்கவேண்டும். விடியற்காலையில் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. தின்ற மீனுக்குச் செரிமானத்துக்காகவே கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படும். மேகமூட்டமான நாளில் மாலைத் தீனியை நிறுத்திவிடுவது நல்லது. மீன்கள் நீர்மட்டத்தில் வாய் திறந்து திணறினால் உடனே மோட்டார் போட்டுத் தண்ணீரைத் தெளித்து விழச் செய்யவேண்டும்.

தொட்டியிலும் சிறு குட்டையிலும் ஒதுங்க இடம் வைத்தால் பலன் தெரியும். உடைந்த குழாய்த் துண்டு, பழைய ஓடு, ஒரு ஓரத்தில் சட்டம் கட்டி நிறுத்திய கொஞ்சம் ஆகாயத்தாமரை, எதுவாகவும் இருக்கலாம். சால்மன் குஞ்சில் செய்த சோதனையில், ஒளிய இடம் இருந்தபோது அதன் ஓய்வுநேரச் செலவு குறைந்தது. ஒளியாமல் வெளியே நின்றபோதும் குறைந்தது என்பதுதான் வேடிக்கை. ஆகாயத்தாமரையைக் கட்டாமல் விட்டால் குளத்தையே மூடிவிடும். அதில் கவனம் வேண்டும்.

மாதம் ஒரு முறை வீச்சு வலையில் முப்பது நாற்பது மீன் பிடித்து எடை பார்க்கவேண்டும். மொத்தமாக நிறுத்துச் சராசரி போட்டால் உண்மை தெரியாது. 400 மீன் சராசரி 100 கிராம் என்றால் மொத்தம் 40 கிலோ. நூற்றுக்கு 3 வீதம் தீனி 1 கிலோ 200 கிராம். கணக்கு சரிதான். ஆனால் பாதி மீன் 150 கிராமும் பாதி மீன் 50 கிராமும் இருந்தாலும் சராசரி அதே 100 தான் வரும். ஆகவே பெரியதைத் தனியாகவும் சிறியதைத் தனியாகவும் நிறுக்கவேண்டும். இடைவெளி மாதத்துக்கு மாதம் அகன்றுகொண்டே போனால், விற்கும் அளவுக்கு வந்த பெரிய மீன்களை முதலில் பிடித்து விற்றுவிடலாம். கையில் காசும் வரும். மிஞ்சியவற்றுக்குத் தீனியும் இடமும் கிடைத்து அவை மேலே வரும்.

வலை இழுப்பதை விடியற்காலைக் குளிர்ச்சியில் முடித்துக்கொள்ளவேண்டும். ஈரக்கையால் தொடவேண்டும். கலங்கிப்போன மீன்கள் அன்று சரியாகத் தின்னாது. அன்றைய தீனியைப் பாதியாகக் குறைத்து, மறுநாள் சாக்கைத் தூக்கிப் பார்த்து மிச்சம் இல்லையென்றால் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம்.